குடிக்காம எறங்குற குழி எங்க இருக்கு?

சர்வதேசப் போதை ஒழிப்பு நாளான ஜூன் 26 அன்று எங்கள் வளவுக்கு ஒரு சேவைச் சங்கத்தார் வந்தார்கள். கோயமுத்தூரில் தூய்மைப் பணியாளர்கள் குடியிருக்கும் வளவு இது. ரெண்டு கார், ஒரு ஃபிளெக்ஸ், நாற்பது பிஸ்கட் பாக்கெட். ஃபிளெக்ஸில் ஒரு பக்கம் நல்ல கல்லீரல், இன்னொரு பக்கம் கெட்டுப்போன கல்லீரல். கறிக்கடைக்குப் போய்ப் பழகின எங்க சனத்துக்கு ரெண்டுக்கும் வித்தியாசம் நல்லாவே தெரியும். கண்ணாடி போட்ட ஒரு பெரிய மனுசர் முக்கால் மணி நேரம் பேசினார். குடி குடியைக் கெடுக்கும், மனசைக் கட்டுப்படுத்தணும், தியானம் பண்ணலாம், சேமிக்கலாம், பிள்ளைகளைப் படிக்க வைக்கலாம். கடைசியில் எல்லோரும் கையை நீட்டி உறுதிமொழி எடுக்கணும் என்றார்.

அப்போது ஒரு அக்கா எழுந்தாள். ஒப்பந்தத்தில் தெருக்கூட்டுகிறவள். புருசன் சாக்கடை அடைப்பெடுக்கிறவன். "ஏனுங் சார், குடிக்காம எறங்குற குழி எங்க இருக்குன்னு சொல்லுங்க. என்ற ஊட்டுக்காரரை நாளைக்கே அங்க அனுப்பறனுங்க."

பெரிய மனுசர் சிரித்தார். "அதெல்லாம் மைண்ட் செட்மா" என்று சொல்லிவிட்டு உறுதிமொழியைப் படிக்க ஆரம்பித்தார். நாங்களும் கையை நீட்டினோம். பிஸ்கட் வாங்கிக்கொண்டோம்.

அந்த அக்காவின் கேள்விக்குப் பதில் சொல்லாத எந்த மதுவிலக்கும், எந்தப் போதைத் தடுப்பும் நமக்கு எதிரானது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். அவளுடைய கேள்வி அந்தக் கண்ணாடிக்காரரோடு முடிந்துவிடவில்லை. நம் பக்கத்துத் தோழர்களுக்கும் அதில் பங்கிருக்கிறது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் அவதூறைப் பார்ப்போம். நான் பேங்க்கில் காசெண்ணிப் பிழைக்கிறவன். காலனிக்காரர் ஒருவர் கடன் மனுவோடு வந்தால் எனக்குப் பக்கத்து சீட்டில் மெதுவாக ஒரு குரல் எழும்: "குடுத்தா நேரா டாஸ்மாக்குக்குத்தான் போகும்." தோட்டம் வைத்திருக்கும் ஒருவர், சரக்கு வாசனை வீசும் வாயோடு, டிராக்டர் கடனைப் புதுப்பிக்க வந்தால் அதே குரல் "வாங்க, உக்காருங்க, டீ சொல்லட்டுங்களா" என்கிறது. ஒருத்தர் குடித்தால் அது அவருடைய சொந்தப் பழக்கம். இன்னொருத்தர் குடித்தால் சாதிக் குணம். கிளப்பில் குடிக்கிறவனைப் பார்த்து எவனும் அவன் சாதியைக் கணக்கெடுப்பதில்லை. வளவில் ஒருவன் தெருவில் விழுந்து கிடந்தால் மட்டும் "இவனுக எப்பவுமே இப்படித்தான்". அவனுக்கு விழுவதற்குத் தெருவைத் தவிர இடமில்லை என்பதை எந்தச் சமூகவியல் பேராசிரியரும் குறித்துக்கொள்வதில்லை.

தீபாவளி முடிந்த மறு வேலை நாளில் கடை வசூல் கட்டுக் கட்டாக வங்கிக்கு வரும். பத்து ரூபாய், இருபது ரூபாய், நான்காக மடித்து, வியர்வையில் நனைந்து காய்ந்த நோட்டுகள். மெஷின் அதை எண்ணாது, துப்பிவிடும். கையால்தான் பிரித்து எண்ணணும். எண்ணும்போது எனக்குத் தோன்றும், இதில் பாதி நேற்றுச் சனிக்கிழமைப் பட்டுவாடாவில் எங்க சனத்தின் கைக்கு வந்த நோட்டாகத்தான் இருக்கும் என்று. காலையில் அரசாங்கம் கூலியாகக் கொடுத்தது பொழுதோட அரசாங்கத்துக்கே திரும்பிவிடுகிறது. இடையில் ஒரு மனுசனுடைய ஈரல் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவாகிறது.

டாஸ்மாக் 1983இல் மொத்த வியாபாரத்துக்காகத் தொடங்கப்பட்டது. 2003இல் சில்லறை விற்பனையையும் அரசே எடுத்துக்கொண்டது. 2003-04இல் சுமார் 3,600 கோடியாக இருந்த வருவாய் 2024-25இல் 48,344 கோடி. இந்தக் காசில்தான் இலவசங்கள், சம்பளம், மேம்பாலம் எல்லாம். எங்க சனம் வரி கட்டுவதில்லை என்று சொல்கிற வாய்கள் இந்த எண்ணை ஒரு தடவை உரக்கப் படிக்கட்டும். காலிப் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் 10 ரூபாய் தரும் திட்டத்தை 2022இல் நீலகிரியில் ஆரம்பித்து மற்ற மாவட்டங்களுக்கும் கொண்டுவந்தார்கள். காட்டு யானையின் காலில் கண்ணாடி குத்தக்கூடாது, நியாயம். அந்தப் பாட்டிலைக் குடித்துக் காலிசெய்தவனைத் திரும்ப எடுத்துக்கொள்ள எந்த கவுண்டரும் இல்லை.

இப்போது குழிக்கு வருவோம்.

கொங்கு நாட்டில் நமக்குக் குடி எப்படி வந்தது? பண்ணயத்தில் மாதாரி ஆளுக்குக் கூலி என்பது பழைய சோறும், கம்பும், வருசத்துக்கு ஒரு வேட்டியும். காசு கிடையாது. ஆனால் எழவு வீட்டுக்குத் தப்படிக்கப் போனால் முதலில் வருவது சாராயம். சோறு பிணம் எடுத்த பிறகுதான். செத்த மாட்டைத் தூக்கணுமா, சாராயம். என் அப்பிச்சி சொல்வார், "குடுக்கறப்ப கவுண்டரு கைய எட்ட வெச்சுத்தான் ஊத்துவாரு, ஆனா நெறைய ஊத்துவாரு." டீக்கடையில் தனி டம்ளர் வைத்தவர்கள், கொட்டாங்குச்சியில் டீ ஊத்தினவர்கள், சாராயத்தில் மட்டும் தாராளம் காட்டினார்கள். தண்ணீர் சேந்தக் கிணற்றில் விடாதவன் சரக்கை மட்டும் தேடி வந்து கொடுத்தான் என்றால் அது விருந்தோம்பல் ஆகாது. பிணத்துக்கு முன்னால் ராத்திரி முழுக்க நின்று அடிக்கணும், அழுகின மாட்டைத் தோளில் சுமக்கணும். சுயபுத்தியுள்ள ஒரு உடம்பு அதைச் செய்யாது. புத்தியைக் கொஞ்ச நேரம் அப்புறப்படுத்த ஒரு சாமான் வேண்டியிருந்தது. வாளி, கயிறு, மூங்கில் குச்சி, குவாட்டர். நாலும் வேலைக் கருவிகள்தான். முதல் மூன்றையும் ஒப்பந்தக்காரன் சில நேரம் மறந்துவிடுவான். நாலாவதை மறக்க மாட்டான்.

இங்கே ஒரு விசயத்தை நம் தம்பிகள் தெரிந்துகொள்ளணும். சரக்கு போட்டால் நாத்தம் தெரியாது, விசவாயு தாக்காது என்று ஒரு நம்பிக்கை நம்மிடையே இருக்கிறது. பொய். சாக்கடைக் குழியில் கொல்லுவது ஹைட்ரஜன் சல்ஃபைடு. கொஞ்சமாக இருக்கும்போது அழுகின முட்டை நாத்தம் அடிக்கும். அளவு கூடினால் அது மூக்கின் நரம்பையே மரக்கச் செய்துவிடும், நாத்தம் நின்றுபோகும். நாத்தம் நின்றதும் "வாயு போயிருச்சு" என்று நினைத்து இன்னும் ரெண்டு படி கீழே இறங்குகிறான். அந்த ரெண்டு படிதான். சரக்கு உள்ளே போனவனுக்குத் தலைசுற்றுவது வாயுவாலா, போதையாலா என்றுகூடத் தெரியாது. மேலே ஏறக் கையும் காலும் கேட்காது. அப்புறம் பிரேதப் பரிசோதனையில் "மது அருந்தியிருந்தார்" என்று ஒரு வரி வந்தால், அதை வைத்தே சாவுக்குப் பொறுப்பை அவன் தலையில் கட்டப் பார்க்கிறார்கள். ஊத்திக் கொடுத்து இறக்கினவன் பேர் எந்தக் காகிதத்திலும் ஏறாது.

கையால் மலம் அள்ளும் வேலைக்கு 1993இல் ஒரு சட்டம், 2013இல் இன்னொரு சட்டம். 2014இல் உச்ச நீதிமன்றம் குழிச் சாவுக்கு 10 லட்சம் கொடுக்கச் சொன்னது, 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக்கியது. பிணத்தின் விலை உயர்ந்திருக்கிறது. இறங்குவது நிற்கவில்லை. போதைத் தடுப்புப் பற்றிப் பேசும் எந்த அரசுத் துறையாவது, எந்தச் சேவைச் சங்கமாவது, 2013ஆம் வருசச் சட்டத்தை முழுசாக அமல்படுத்து என்பதைத் தன் முதல் கோரிக்கையாக வைத்ததுண்டா? மாத்திரை, மந்திரம், யோகா எல்லாம் இருக்கும். இது இருக்காது.

மதுவிலக்கு இந்த மண்ணுக்குப் புதுசில்லை. 1921இல் ஈரோட்டில் கள்ளுக்கடை மறியல் நடந்தது. நாகம்மையாரும் கண்ணம்மாளும் முன்னால் நின்றார்கள். ஈ.வெ.ரா. தன் தென்னை மரங்களையே வெட்டினார். பிற்பாடு அவரே மதுவிலக்கை எதிர்த்தார் என்பதைக் காங்கிரஸ்காரர்கள் சொல்ல மாட்டார்கள். ராஜாஜி 1937 அக்டோபர் 1ஆம் தேதி சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைத் தொடங்கினார். போன வருமானத்தை ஈடுகட்ட 1939இல் விற்பனை வரி வந்தது. 1948இல் மாகாணம் முழுக்க விலக்கு. 1971இல் கலைஞர் திறந்தார், கொஞ்ச வருசத்தில் அவரே மூடினார், 1981இல் எம்.ஜி.ஆர். திறந்தார், 1987இல் கள்ளையும் சாராயத்தையும் மூடினார், 2003இல் ஜெயலலிதா அரசையே கடைக்காரர் ஆக்கினார். திறந்தபோது லாபம் யாருக்கு, மூடினபோது ஜெயில் யாருக்கு என்று பாருங்கள். ஆலை வைத்திருக்கிறவன் ஜெயிலுக்குப் போனதாக வரலாறில்லை. ஊறல் பானையோடு பிடிபட்ட கிழவியும், சைக்கிள் டியூபில் சரக்குக் கடத்தின பையனும் போனார்கள். 1982ஆம் வருச குண்டர் சட்டம் கள்ளச்சாராயக்காரர்களையும் சேர்த்துத்தான் போடப்பட்டது. அதில் உள்ளே கிடந்தவர்களின் ஊர், தெரு, வளவு எது என்று யாராவது கணக்கெடுக்கட்டும்.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். கணிசமானோர் தலித்துகள், கூலிகள். மாவட்டத் தலைநகரின் நடுவில் விற்ற சரக்கு. மெத்தனால் வயிற்றுக்குள் போனதும் விசம் ஆவதில்லை. ஈரல் அதைப் பார்மிக் அமிலமாக மாற்ற மணிக்கணக்கில் ஆகும். அதனால்தான் ராத்திரி குடித்தவன் காலையில் "கண்ணு மங்குது" என்கிறான். அந்த நேரத்தில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் மாற்று மருந்தும் டயாலிசிசும் கொடுத்துப் பிழைக்க வைக்கலாம். போலீசுக்குப் பயந்து வீட்டிலேயே படுத்தவன் செத்தான். சட்டம் கடுமையாக ஆக, குடித்தவன் ஒளிவான் என்பதை யோசிக்காமல் ஆயுள் தண்டனை என்று அதே மாசக் கடைசியில் சட்டத்தைத் திருத்தினார்கள். அதே ஆண்டு அக்டோபர் 2ஆம் தேதி விடுதலைச் சிறுத்தைகள் உளுந்தூர்பேட்டையில் மது ஒழிப்பு மகளிர் மாநாடு நடத்தினார்கள். கூட்டணிக் கணக்கு என்று பத்திரிகைகள் எழுதின. வந்திருந்த பொம்பளைகளுக்குக் கூட்டணிக் கணக்கு தெரியாது, வீட்டுக் கணக்கு தெரியும்.

கொங்குப் பக்கமே வருகிறேன். நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் கடை கூடாது என்று 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2017 ஏப்ரலில் கடைகள் ஊருக்குள் நகர்ந்தன. திருப்பூர் மாவட்டம் சாமளாபுரத்தில் பெண்கள் மறித்தார்கள். ஒரு கூடுதல் எஸ்.பி. ஒரு பெண்ணைக் கன்னத்தில் அறைந்தார். நாடே டி.வி.யில் பார்த்தது. கள்ளுக்கடை மறியலை நிறுத்துவது ஈரோட்டில் ரெண்டு பெண்களின் கையில் இருக்கிறது என்று காந்தி சொன்னதாக மேடைக்கு மேடை பேசுகிறார்களே, அந்த ஈரோட்டுக்கு எட்டின தூரத்தில்தான் இந்த அறையும் விழுந்தது.

இன்னொரு பக்கம் கள் இயக்கம். கள் உணவு, அதை இறக்குவது விவசாயியின் உரிமை என்று நல்லசாமி அவர்கள் வருசக் கணக்கில் கேட்கிறார். சீமைச் சரக்குக்கு அனுமதி, பனங்கள்ளுக்குத் தடை என்பது அயோக்கியத்தனம்தான், மறுக்கவில்லை. ஆனால் மரம் யாருடையது, தோப்பு யாருடையது, அந்தத் தோப்பில் எங்காள் எந்த இடத்தில் உட்கார்ந்து குடிப்பான் என்ற கேள்வியையும் கூடவே கேட்டுக்கொள்ளலாம். கள் வந்தால் கொட்டாங்குச்சியும் திரும்ப வருமா?

இனி நம் தோழர்கள். தொண்ணூறுகளின் சிறுபத்திரிகைகளைப் படித்து வளர்ந்தவன் நான். மாட்டுக்கறி தின்பதும், குடிப்பதும், கெட்ட வார்த்தை பேசுவதும் பார்ப்பனிய ஒழுக்கத்துக்கு எதிரான கலகம் என்று அன்றைக்கு எழுதினார்கள். தேவையான எழுத்துதான். எங்களைக் குறுகிப்போகச் செய்த ஒவ்வொன்றையும் தலைநிமிர்ந்து சொல்லக் கற்றுக்கொடுத்தது. மாட்டுக்கறி விசயத்தில் இன்றும் அதில் ஒரு எழுத்தை மாற்ற மாட்டேன். ஆனால் கறியையும் சரக்கையும் ஒரே தட்டில் வைத்ததில் ஒரு கோளாறு நடந்துவிட்டது. கறி எங்கள் உடம்பை வளர்த்தது. எங்கள் பொம்பளைகள் ஆக்கினார்கள், பிள்ளைகளோடு பகிர்ந்து தின்றோம். சரக்கை அவன் கொடுத்தான், அவனுடைய வேலைக்காகக் கொடுத்தான், இன்றைக்கு அரசு பில் போட்டுக் கொடுக்கிறது. அவன் கொடுத்ததை என் பண்பாடு என்று நான் ஏன் தூக்கிச் சுமக்கணும்? கருத்தரங்கு முடிந்து லாட்ஜ் ரூமில் பாட்டிலைத் திறந்துகொண்டு "இது கலகம் தோழர்" என்கிறவர்களிடம் கேட்கிறேன், உங்கள் வீட்டில் அன்றைக்கு அடி வாங்கினது எந்த ஆதிக்க சாதி? நானும் அந்த ரூமில் உட்கார்ந்திருக்கிறேன். கவிதை கூட எழுதியிருக்கிறேன். அந்தக் கவிதைகளை இப்போது எடுத்துப் படிக்க முடிவதில்லை, அது வேறு கதை.

அம்பேத்கர் இந்த விசயத்தில் என்ன செய்தார் என்று பாருங்கள். 1951இல் ஷெட்யூல்டு வகுப்பினர் கூட்டமைப்பின் தேர்தல் அறிக்கை மதுவிலக்கைக் கைவிடச் சொன்னது. அரசுக்கு வருமானம் போகிறது, கள்ளச்சாராயம் வீட்டுத் தொழில் ஆகிறது, வீணாகப் போலீஸ் செலவு என்று அது வாதாடியது. அதே அம்பேத்கர் 1956 அக்டோபர் 14ஆம் தேதி நாகபுரியில் லட்சக்கணக்கானவர்களை 22 உறுதிமொழி எடுக்க வைத்தார். அதில் ஒன்று மது அருந்த மாட்டேன் என்பது. முரண் என்று சிலர் எழுதியிருக்கிறார்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. லத்தியை வைத்துக்கொண்டு அரசு நம் வாயிலிருந்து பிடுங்குவதை அவர் நம்பவில்லை. நம் கூட்டத்தை நாமே நிமிர்த்திக்கொள்ள நாமே விடுவதை நம்பினார். பிஸ்கட் கொடுத்து வாங்கின உறுதிமொழிக்கும் நாகபுரி உறுதிமொழிக்கும் வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது. அங்கே மதுவோடு சேர்த்து சாதியையும் விட்டார்கள்.

இப்படிப்பட்ட முயற்சிகள் வேறு இடத்திலும் நடந்திருக்கின்றன. சத்தீஸ்கரின் தல்லி ராஜ்ஹராவில் இரும்புச் சுரங்கத் தொழிலாளர் சங்கம் 1977க்குப் பிறகு போராடிக் கூலியை உயர்த்தியது. கூடின கூலி சாராயக் கடைக்குப் போவதை சங்கர் குஹா நியோகி பார்த்தார். பிரசங்கம் பண்ணவில்லை. குடியைச் சங்கத்தின் பிரச்சினையாக ஆக்கினார், பெண்களை முன்னால் நிறுத்தினார். தொழிலாளர்கள் தாங்களே காசு போட்டு 1983இல் ஷஹீத் மருத்துவமனையைக் கட்டினார்கள். 1991 செப்டம்பரில் நியோகியைச் சுட்டுக் கொன்றார்கள். ஆந்திராவில் நெல்லூர் மாவட்டம் தூபகுண்டாவில் 1992இல் அறிவொளி வகுப்பில் படித்த கூலிப் பெண்கள், பாடப்புத்தகத்தில் தங்கள் கதையையே படித்துவிட்டு நேராகப் போய்ச் சாராயக் கடையை மூடினார்கள். 1993 அக்டோபரில் மாநிலம் முழுக்கச் சாராயத்துக்குத் தடை வந்தது, 1995இல் முழு மதுவிலக்கு. 1997இல் அரசே அதை எடுத்துவிட்டது என்பதையும் சேர்த்தே சொல்லணும். மேலே போனதும் அரசியல்வாதி கைக்குப் போய்விட்டது. கீழே இருந்தவரைக்கும் உயிரோடு இருந்தது.

மருத்துவம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நம்மிடையே நடக்கிற கொடுமை மருத்துவம் கிடைக்காததுதான். 2018இல் எய்ம்ஸ் நடத்திய தேசியக் கணக்கெடுப்பின்படி, குடிக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவருக்குத்தான் ஏதோ ஒரு சிகிச்சை கிடைக்கிறது. ஆஸ்பத்திரியில் சேர்த்துப் பார்ப்பது 180க்கு ஒருவர். மீதிப் பேர் கோயிலில் கயிறு கட்டுகிறார்கள். இல்லையென்றால் சுவரில் எழுதின நம்பருக்குப் போன் போட்டு "குடிப்பவருக்குத் தெரியாமல் உணவில் கலந்து கொடுக்கும்" பொடியை வாங்குகிறார்கள். தங்கச்சிகளே, அந்தப் பொடியில் டைசல்ஃபிரம் இருந்தால், அது தெரியாமல் அவன் மேலே சரக்கு குடித்தால், நெஞ்சு படபடத்து ரத்த அழுத்தம் இறங்கிச் செத்தே போகலாம். தெரிந்து, ஒத்துக்கொண்டு, டாக்டர் சொல்லிச் சாப்பிடவேண்டிய மருந்து அது. அதே மாதிரி, இருபது வருசம் தினமும் குடித்தவனை ரூமில் பூட்டி ஒரே நாளில் நிறுத்தச் சொல்லாதீர்கள். ரெண்டு மூன்று நாளில் கை நடுங்கும், இல்லாதது தெரியும், வலிப்பு வரும், சிலர் சாவார்கள். அரசு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். மறுவாழ்வு மையம் என்று போர்டு மாட்டிக் கட்டிப் போட்டு அடிக்கிற கொட்டடிக்கு வேண்டாம். என் சின்ன மாமனை அப்படி ஒரு இடத்துக்கு அனுப்பினோம். திரும்பி வந்தவர் யாரோடும் பேசவில்லை.

ஆஸ்பத்திரி ஊருக்கு வரவும் முடியும். சென்னையில் டி.டி. ரங்கநாதன் பேரில் 1980இல் தொடங்கிய மருத்துவமனை, திருவாரூர்ப் பக்கம் மஞ்சக்குடியில் பதினைந்து நாள் முகாம்களைப் பல வருசமாக நடத்தியிருக்கிறது. கூலியாள் ஊரை விட்டுப் போகாமல், குடும்பத்தையும் கூட வைத்துச் சிகிச்சை. நல்லதை நல்லது என்று சொல்லிவிடுவோம். இந்த மாதிரி முகாம் கோவையில் நம் வளவுகளில் ஏன் இல்லை? வெள்ளலூர், மலுமிச்சம்பட்டி, கீரணத்தம் என்று ஊருக்கு வெளியே கொண்டுபோய்க் குடியமர்த்தின அடுக்குமாடிகளில் ஏன் இல்லை?

அந்த அடுக்குமாடிகளில் இப்போது சரக்கு பழைய விசயம். பள்ளிக்கூடத்துப் பையன் உதட்டுக்குள் கூல் லிப் வைத்திருக்கிறான். அவன் அண்ணன் வலி மாத்திரையை ஊசியில் ஏற்றிக்கொள்கிறான். போலீஸ் வந்தால் முடி வளர்த்த பையன்களை எல்லாம் வரிசையில் நிற்க வைத்து முடி வெட்டி அனுப்புகிறது. மாத்திரையை மொத்தமாக வாங்கி விற்றவன் எந்த வரிசையிலும் நிற்பதில்லை. 2022 ஆகஸ்டில் தமிழ்நாடு முழுக்கப் பிள்ளைகள் உறுதிமொழி எடுத்தார்கள். அமெரிக்காவில் போலீஸ்காரர்களைப் பள்ளிக்கு அனுப்பி "வேண்டாம் என்று சொல்" எனப் பாடம் நடத்தினார்கள். பல வருசம் ஆராய்ந்து பார்த்ததில் பிள்ளைகளின் பழக்கம் அதனால் மாறவில்லை என்று கண்டார்கள். ஐஸ்லாந்தில் வேறு மாதிரி செய்தார்கள். விளையாட்டு, பாட்டு, நடனம் எதில் சேரவும் ஒவ்வொரு பிள்ளைக்கும் அரசு காசு கொடுத்தது, பெற்றோரைக் கூட்டி உட்கார வைத்தது. 15, 16 வயதுப் பிள்ளைகளில் முந்தின மாதத்தில் குடித்துப் போதையேறினவர்கள் 1998இல் 42 சதவீதம். 2016இல் 5 சதவீதம்.

பணக்கார நாடு என்பீர்கள். ஒரு வாலிபால் வலைக்கு எவ்வளவு ஆகும்? எங்கள் வளவுப் பையன்கள் கேட்டது அதுதான். பக்கத்தில் ஒரு புறம்போக்கு இருக்கிறது. ஊர்ப் பிள்ளைகள் அதில் கிரிக்கெட் ஆடுகிறார்கள். எங்காட்கள் உள்ளே போனால் "நோம்பி நடக்கற எடம், செருப்புக் காலோட வராதீங்க" என்று ஒரு பெரியவர் வந்து நிற்பார். ஊர்ப் பிள்ளைகள் ஷூ போட்டுத்தான் ஆடுகிறார்கள். அந்த இடத்தில் பாதியை எங்களுக்கும் ஒதுக்கித் தரச் சொல்லி, பையன்கள் கையெழுத்துப் போட்டு, நானே மனு எழுதிக் கொடுத்தேன். அதே தெருமுனையில் டாஸ்மாக் கடையை இடம் மாற்றி வைக்க மூன்று வாரம் ஆனது. எங்கள் மனுவுக்குப் பதினோரு மாதம் ஆகிறது. ரசீது பேங்க் டிராயரில், காசுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.